தண்டமும் செயலியும்



புங்குடுதீவு இறுப்பிட்டியிலிருந்து கொழும்புக்கு வான் ஓட்டிப் போகிறவரை அனுராதபுரம் தாண்டிப் பொலிஸ் மறித்துத் தண்டம் எழுதினால், முன்பு லைசென்ஸ் அங்கேயே நின்றுவிடும். தபாற்கந்தோர் தேடிக் காசு கட்டி, பற்றுச்சீட்டோடு அதே பொலிஸ் நிலையத்துக்குத் திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் சொல்லவே வேண்டாம்.

2025 பெப்ரவரி 7இல் அரசு 'கவ்பே' கொடுப்பனவு முறையைத் தொடங்கியது. ஏப்ரலில் குருநாகல் - அனுராதபுரம் வீதியில் தண்டத்துக்கும் அதைப் பரீட்சித்தார்கள். வங்கிச் செயலியில் காசு கட்டியதும் பொலிஸ்காரரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போகும். லைசென்ஸ் அங்கேயே கைக்கு வரும்.

இதில் கெட்டித்தனம் எது தெரியுமா? திணைக்களத்துக்கொரு செயலி என்று இறங்காமல், மக்கள் ஏற்கனவே பாவிக்கிற வங்கிச் செயலிகளுக்குள் அரசு நுழைந்ததுதான். இந்தியாவின் யூபிஐ கொடுப்பனவு முறை 2016இல் காட்டிய வழியும் அதுவே: தடம் பொது, அதில் யாருடைய வண்டியும் ஓடலாம்.

பத்திரங்கள்தான் இன்னும் பாடு. ஒரு கந்தோர் தந்த சான்றிதழின் பிரதியை இன்னொரு கந்தோருக்கு நாமே சுமக்கிறோம். எஸ்தோனியாவில் 2001 முதல் 'எக்ஸ்-ரோட்' என்ற தரவுப் பரிமாற்றத் தடம் வழியாகக் கந்தோர்கள் அந்த விபரங்களைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்கின்றன. பத்திரப் பையோடு வேலணைப் பிரதேச செயலகத்துக்கு பஸ் ஏறுகிற புங்குடுதீவு ஆச்சிக்கு முதலில் வேண்டியது அதுதான். புதுச் செயலி ஆறுதலாக வரட்டும்.