அம்மாவை மறைத்த மகள்கள்

(வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அம்மாக்கள், மகள்கள், நட்பு பற்றிய ஒரு நாவலையும் அதன் திரைப்பட வடிவத்தையும் ஒப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டது ‘இமிடேஷன் ஆஃப் லைஃப்’. அமெரிக்க எழுத்தாளர் ஃபானி ஹர்ஸ்ட் 1933-இல் எழுதிய நாவல். 1934-இலும் 1959-இலும் படமானது. நாவலாசிரியரும் இரண்டு இயக்குநர்களும் வெள்ளையர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பீ, கணவனை இழந்த வெள்ளைக்காரப் பெண். டிலைலா, கருப்பினப் பெண். ஆளுக்கொரு மகள். நால்வரும் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். நாவலில் வாஃபிள் கடை, 1934 படத்தில் பான்கேக். விற்பது டிலைலாவின் கைப்பக்குவம். விளம்பரத்தில் இருப்பது டிலைலாவின் முகம். முதலாளி மட்டும் பீ.

படத்தில் பீ 20 சதவீதப் பங்கு தருவதாகச் சொல்கிறார். டிலைலா பதறிப்போகிறார், தனி வீடு வேண்டாம், உங்களைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருக்கிறேன் என்கிறார். ஏன் 20, ஏன் பாதி இல்லை என்று நாம் கேட்பதற்குள் காட்சி முடிந்துவிடுகிறது. ஒடுக்கப்பட்டவரே ஒடுக்குமுறையை விரும்பிக் கேட்பதாகக் காட்டும் இந்தத் தந்திரம் நமக்குப் புதிதா? “எங்க வீட்டு வேலைக்காரம்மா எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரி” என்பவர்கள், அவருக்கு எந்தத் தட்டில் சோறு போடுகிறார்கள்? ஆனால் அதே படத்தில் ஒரு ஷாட் இருக்கிறது. இரவு இரு தோழிகளும் விடைபெறுகிறார்கள். பீ படியேறி மேலே போகிறார், டிலைலா படியிறங்கிக் கீழே போகிறார். அந்த ஷாட் பொய் சொல்லவில்லை.

டிலைலாவின் மகள் பியோலா வெளுத்த நிறம். பார்ப்பவர்கள் வெள்ளைக்காரி என்றே நினைப்பார்கள். ஒரு மழைநாளில் மகளுக்கு மழைக்கோட்டு எடுத்துக்கொண்டு டிலைலா வகுப்பறைக்கு வருகிறார். ‘இங்கே கருப்பினக் குழந்தைகள் யாரும் இல்லையே’ என்கிறார் ஆசிரியர். பியோலா புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்கிறாள்.

இந்தக் காட்சியில் நான் படத்தை நிறுத்திவிட்டேன். எட்டாம் வகுப்பில் பெற்றோர் கூட்டத்துக்கான சீட்டை அம்மாவிடம் கொடுக்காமல் கிழித்துப் போட்டவள் நான். அம்மா தூய்மைப் பணியாளர். வேலை முடிந்து அந்தச் சீருடையிலேயே வந்துவிடுவாரோ என்ற பயம். எந்தத் தெரு என்று தோழிகள் கேட்டால் பக்கத்துத் தெருவின் பெயரைச் சொல்வேன்.

நாவலும் படமும் பிரிவது முடிவில்தான். நாவலில் பியோலா வெள்ளைக்காரியாகவே வாழ்கிறாள், வெள்ளையர் ஒருவரை மணக்கிறாள். குழந்தை பிறந்தால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும் என்று கருத்தடை அறுவை செய்துகொள்கிறாள். நாட்டைவிட்டே போகிறாள். அம்மாவின் சாவுக்குக்கூட வருவதில்லை. படங்களிலோ இரண்டு முறையும் மகள் ஓடிவந்து சவப்பெட்டியில் விழுந்து கதறுகிறாள்.

படத்தின் முடிவுதான் மனதைத் தொடுகிறது, உண்மை. நானும் அழுதேன். ஆனால் அந்த அழுகை யாரைக் காப்பாற்றுகிறது? அம்மாவின் நெஞ்சை உடைத்தது நிறவெறி இல்லை, மகளின் நன்றிகெட்டதனம் என்றாகிவிடுகிறது. ஒரு துளி கருப்பின ரத்தம் இருந்தாலும் கருப்பினத்தவர்தான் என்ற சட்டத்தை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. நாவல் டிலைலாவை விசுவாசமான வேலைக்காரியாகவே வார்த்திருக்கிறது. அந்தக் குறை பெரியது. ஆனாலும் தப்பிப்பதற்கு ஒரு பெண் எவ்வளவு விலை கொடுக்கவேண்டியிருந்தது என்பதைக் கண்ணீரால் கழுவிவிடவில்லை.

1959 படம் பான்கேக் தொழிலையே எடுத்துவிட்டது. வெள்ளைக்காரத் தோழி நடிகையாகிவிடுகிறார். உழைப்புச் சுரண்டலும் கதையிலிருந்து மறைந்துவிட்டது. ஆனால் ஒரு நல்ல இடம் உண்டு. உனக்கு இத்தனை நண்பர்கள் இருப்பது எனக்குத் தெரியாதே என்று நடிகை வியக்க, நீங்கள் கேட்டதே இல்லையே என்கிறார் கருப்பினத் தோழி.

1934-இல் பியோலாவாக நடித்த ஃபிரெடி வாஷிங்டன் கருப்பினப் பெண். அவரும் வெளுத்த நிறம்தான். நிஜ வாழ்க்கையில் வெள்ளைக்காரியாக நடிக்க மறுத்தவர். 1959-இல் அந்தப் பாத்திரம் கருப்பினத்தவரல்லாத சூசன் கோனருக்குப் போனது.

போன மாதம் அம்மாவுக்கு அந்த வகுப்பறைக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். சீட்டைக் கிழித்த கதையையும் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

“அந்தப் புள்ளைய விடு. அந்த டீச்சர் ஏன் அப்படிச் சொன்னாங்க?”

இரண்டு படங்களும் கேட்காத கேள்வி அது. நாம் கேட்போம், தோழர்களே.