நிலம் கேட்டால் தண்ணீர், இலை கேட்டால் யூரியா

(கடப்பாக்கம் மகளிர் குழுக்கள் கூட்டத்தில் பேசியது)



நாற்று நடுவதும் களை எடுப்பதும் நாம்தான். ஆனால் எப்போது தண்ணீர் விடுவது, எவ்வளவு உரம் போடுவது என்று கேட்டால் "அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்" என்று சொல்லி விடுகிறோம். குழுவில் வாங்கிய கடன் அந்த வயலில்தான் கிடக்கிறது. அதனால் நாமும் தெரிஞ்சுக்கணும்.

முதலில் தண்ணீர். பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டாரைப் போட்டு விட்டு வந்து விடுகிறோம். நம்ம ஊர் கடலோரம், பக்கத்திலேயே கழிவெளி. கிணற்றில் நல்ல தண்ணீரை அளவுக்கு மேல் இறைத்தால் அந்த இடத்துக்குக் கடல் தண்ணீர் உள்ளே வரும். ஒரு தடவை உப்பான கிணறு சீக்கிரம் மாறாது. குடிக்கிற தண்ணீரும் அதோடு போய்விடும்.

நெல் தண்ணீரைத் தாங்கும் பயிர். அதற்காக எப்போதும் தண்ணீரிலேயே நிற்க வேண்டியதில்லை. ஒரு அடி நீளப் பிளாஸ்டிக் குழாயில் கீழ்ப் பாதியில் ஓட்டை போட்டு, அந்தப் பாதியை வயலில் புதைத்து, உள்ளே இருக்கிற மண்ணை எடுத்து விடுங்கள். நட்டு இரண்டு வாரம் ஆன பிறகு, குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கினால் மட்டும் 5 செ.மீ. உயரத்துக்குக் கட்டினால் போதும். பூக்கும் சமயத்தில், முன்னும் பின்னும் ஒரு வாரம், வயல் காயக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. உப்பு பூத்த வயலில் இந்தக் காய்ச்சல் முறை வேண்டாம். மண் காய்ந்தால் அடியில் இருக்கிற உப்பு மேலே ஏறும். அங்கே நல்ல தண்ணீரைக் கட்டி வடித்து விடுவதுதான் சரி. 2004 சுனாமியில் கடல் நீர் புகுந்த கரையோர நிலங்களிலும் மழைத் தண்ணீரைத் தேக்கி வடித்துத்தான் உப்பைக் குறைத்தார்கள்.

அடுத்தது யூரியா. அரசு மானியத்தால் 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. விலை குறைவு என்று அள்ளிப் போட்டால் பயிர் கருகருவென்று வரும், புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் கூடவே வரும், கடைசியில் சாய்ந்தும் போகும். மருந்துச் செலவு யார் தலையில்?

ஆறு பச்சை நிறம் உள்ள இலை வண்ண அட்டை இருக்கிறது. நட்ட 14-ம் நாள் முதல் பூக்கும் வரை வாரம் ஒரு முறை, காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், நம் உடம்பு நிழலில் வைத்து, நன்றாக விரிந்த மேல் இலைகளில் பத்தைப் பாருங்கள். ஆறு இலையாவது 4-ம் நிறத்தை விட வெளுத்திருந்தால் யூரியா போடலாம். வெள்ளைப் பொன்னிக்கு 3-ம் நிறம். ஒரு தடவைக்கு ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ போதும். தண்ணீரை வடித்து விட்டுப் போடுங்கள். மழை வருகிற மாதிரி இருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

அடியுரத்துக்கு மண் பரிசோதனைதான் வழிகாட்டி. அறுவடை முடிந்ததும் வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில 'வி' மாதிரி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி, கலந்து, அரை கிலோ எடுங்கள். வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் இருந்த இடம் கூடாது. முடிவு வந்ததும் உப்பின் அளவு என்ன, ஜிப்சம் வேண்டுமா, துத்தநாகம் வேண்டுமா என்று வேளாண்மை அலுவலரைக் கேளுங்கள்.

இது தனி ஆளாகச் செய்தால் மறந்து போகும். குழுவாகச் செய்வோம். குழுவுக்கு ஒரு வண்ண அட்டை, ஒவ்வொரு வயலுக்கும் ஒரு குழாய். மாதக் கூட்டத்தில் சேமிப்பு எழுதுகிற நோட்டிலேயே எத்தனை தடவை தண்ணீர், எத்தனை கிலோ யூரியா என்றும் எழுதுவோம். அறுவடைக்குப் பிறகு கூட்டிப் பார்த்தால் மிச்சம் எவ்வளவு என்று நமக்கே தெரியும்.