காசு கொடுத்து வாங்கிய பயிற்சித் திட்டம்: சிநேகிதருக்குக் கொடுக்கலாமா?

(மட்டாஞ்சேரியில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆரோக்கியத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேச வேண்டும் என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். ஆரோக்கியத்தைப் பற்றிச் சொல்ல இந்தச் சபையிலேயே டாக்டர்கள் இருக்கிறார்கள். நான் ரஸாயனத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, சர்க்கார் உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தவன். ஆகையால் ஆரோக்கியத்தோடு ஒட்டிய ஒரு சின்ன தர்மசங்கடத்தை உங்கள் முன் வைக்கிறேன். நம்மில் பலருக்கு இது தினப்படி வருகிற விஷயம்.

எனக்கு இப்போது வயசு எழுபத்து நாலு. முழங்கால் வலிக்காகவும், பிடிமானம் இல்லாமல் மாடிப்படி ஏறுவதற்காகவும் ஒரு பயிற்சியாளரிடம் சேர்ந்தேன். முன்னாள் ஓட்டப்பந்தய வீரர், முப்பது வயசுப் பையன். என்னை நடக்கச் சொன்னார், நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், என் மருந்துச் சீட்டைப் பார்த்தார். பிறகு பன்னிரண்டு வாரத்துக்கு ஓர் அட்டவணை எழுதிக் கொடுத்தார். எந்த நாள் எத்தனை நிமிஷம் நடை, நாடித் துடிப்பு எவ்வளவில் இருக்க வேண்டும், எந்த நாள் ஓய்வு என்று எல்லாம் அதில் உண்டு. மூன்று மாதத்துக்கு 6,000 ரூபாய்.

காலையில் ஃபோர்ட் கொச்சி கடற்கரைப் பக்கம் என்னோடு நடக்கிற சிநேகிதர் இதைக் கேள்விப்பட்டார். "ஸ்வாமி, அந்தப் பேப்பரை எனக்கும் வாட்ஸாப்புல அனுப்பிடுங்கோ. நீங்க காசு குடுத்தாச்சு, எனக்கு எதுக்குத் தனியா?" என்றார். நாற்பது வருஷத்துச் சிநேகிதம். விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். நான் அனுப்பவில்லை. "ஒரு காகிதத்துக்கு இவ்வளவு பிகுவா?" என்று அவர் நான்கு நாள் நடைக்கே வரவில்லை.

நான் செய்தது கருமித்தனமா? முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கல்கத்தாவில் பிறந்து அமெரிக்காவில் பெரிய பெயரெடுத்தவர் பிக்ரம் சௌத்ரி. 26 ஆசனங்கள், இரண்டு மூச்சுப் பயிற்சிகள், சுமார் 40 டிகிரி உஷ்ணமுள்ள அறை, தொண்ணூறு நிமிஷம். இதுதான் அவருடைய முறை. 1979-ல் புத்தகமாகவும் போட்டார். அவரிடம் பயிற்சி பெற்ற இருவர் பிற்பாடு தனியாக நிலையம் ஆரம்பித்து இதே முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். அவர் வழக்குப் போட்டார். அமெரிக்காவின் 9-வது வட்டார அப்பீல் கோர்ட் 2015 அக்டோபரில் தீர்ப்புச் சொல்லிற்று. ஆசனங்களின் வரிசை என்பது உடம்பை நன்றாக வைத்துக்கொள்வதற்கான ஒரு முறை. முறைக்குக் காப்புரிமை கிடையாது. அதை விவரித்து எழுதிய புத்தகத்துக்குத்தான் காப்புரிமை உண்டு என்று.

நம் தேசத்திலும் 2014-ல் டில்லி ஹைகோர்ட்டில் பிராணிக் ஹீலிங் சம்பந்தமான வழக்கு ஒன்றில் ஏறக்குறைய இதே நிலைதான் எடுக்கப்பட்டது. சிகிச்சை முறையை யாரும் தனி உடைமையாக்கிக்கொள்ள முடியாது. எழுதிய வாசகம் எழுதியவருடையது.

ஆக, இதிலிருந்து நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். "இன்றைக்கு நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்கார்ந்தேன், நீரும் செய்து பாரும்" என்று நான் சிநேகிதரிடம் சொல்லலாம். அதை எந்தச் சட்டமும் தடுக்காது. ஆனால் பயிற்சியாளர் உட்கார்ந்து எழுதிய அட்டவணையை அப்படியே நகலெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவது வேறு. சேரும்போது "பிறருக்குக் கொடுப்பதில்லை" என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால், அந்த வாக்கும் நம்மைக் கட்டுப்படுத்தும்.

சட்டம் கிடக்கட்டும். எனக்குப் பெரிதாகப் பட்டது சிநேகிதருடைய உடம்பு. என் அட்டவணையில் நாடித் துடிப்பு நிமிஷத்துக்கு 110 முதல் 120 வரை என்று இருக்கிறது. 220-லிருந்து வயசைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்ற கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் வயசுக்கு 146. ஆனால் அது சராசரிதான். ஒரே வயசுக்காரர்களுக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்னே பின்னே இருப்பது சகஜம். 2001-ல் வெளிவந்த இன்னொரு கணக்குப்படி, 208-லிருந்து வயசின் பத்தில் ஏழு பங்கைக் கழித்தால் எனக்கே 156 வருகிறது. இரண்டு சூத்திரத்துக்கு நடுவிலேயே பத்து வித்தியாசம்!

சிநேகிதர் ரத்த அழுத்தத்துக்காக பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர். அந்த மருந்தின் வேலையே இருதயத் துடிப்பைக் குறைப்பது. அவர் என் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் 110 வரவில்லையே" என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்? அவருக்குச் சர்க்கரை வியாதியும் உண்டு. இன்சுலினோ, சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்கிறவர்களுக்கு, பழக்கமில்லாத அளவு உடற்பயிற்சி செய்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். காகிதத்துக்கு இதெல்லாம் தெரியாது. அது என்னைப் பார்த்து எழுதியது.

சர்க்கார் உத்தரவுகளில் ஒரு வாசகம் வரும்: "இதை முன்னுதாரணமாகக் கொள்ளலாகாது." ஒருவருடைய விசேஷ சூழ்நிலையைப் பார்த்துக் கொடுத்த சலுகையை மற்றவர் எடுத்துக் காட்டி உரிமை கோரக் கூடாது என்பதற்காக எழுதுவது. நல்ல பயிற்சியாளர் எழுதிக் கொடுக்கிற ஒவ்வொரு அட்டவணையின் அடியிலும் கண்ணுக்குத் தெரியாமல் இந்த வாசகம் இருக்கிறது.

நாம் காசு கொடுப்பது காகிதத்துக்கு அல்ல, பார்க்கிற கண்ணுக்கு. கேரளத்தில் பி.டி. உஷாவைத் தெரியாதவர் இல்லை. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு செகண்டில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டார். அவரைச் சின்னப் பெண்ணாக இருந்தபோதே கண்டெடுத்துத் தயார் செய்தவர் ஓ.எம். நம்பியார், 1985-ல் முதன்முதலாகத் துரோணாச்சாரியார் விருது பெற்றவர்களில் ஒருவர். அவர் கொடுத்த பயிற்சியை மாத்திரம் காகிதத்தில் நகலெடுத்து விநியோகித்திருந்தால் ஊருக்கு ஓர் உஷா கிடைத்திருப்பாரா?

"வித்யா தானம் என்று நம் பெரியவர்கள் சொல்லவில்லையா? வித்தையைப் பூட்டி வைக்கலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நியூஸிலாந்துக்காரர் ஆர்தர் லிடியார்ட் என்று ஒரு மகா பயிற்சியாளர் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய சிஷ்யர்கள் பீட்டர் ஸ்நெல்லும் முர்ரே ஹால்பெர்க்கும் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். அவர் தம் முறையை ஒளித்து வைக்கவில்லை. 1962-ல் புத்தகமாகப் போட்டார். தேசம் தேசமாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார். ஆக்லாந்தில் சாதாரண ஜனங்களையும் மெதுவோட்டத்துக்குப் பழக்கினார். அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் அதை நேரில் பார்த்துவிட்டு வந்து, ஒரு இருதய டாக்டருடன் சேர்ந்து 1967-ல் புத்தகம் எழுதினார்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம்முடைய இந்தக் கொச்சியிலேயே டச்சு கவர்னர் வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிகஸ்' 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு பாகங்களாக ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. மலையாள நாட்டு மூலிகைகளைப் பற்றிய நூல். அதற்குத் தம் குடும்ப வித்தையை எடுத்துக் கொடுத்தவர் இட்டி அச்சுதன் வைத்தியர். ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணிப் பிராமணர்களும் உதவினார்கள். 1675-ல் அவர்கள் எழுதிக் கொடுத்த சாட்சிப் பத்திரங்கள் அவரவர் லிபியிலேயே அந்த நூலில் அச்சாகியிருக்கின்றன.

இரண்டு உதாரணத்திலும் கொடுத்தவர் தம்முடையதைக் கொடுத்தார். தானத்துக்கு முதல் லட்சணமே அதுதான். பயிற்சியாளருடைய உழைப்பை நான் எடுத்துக் கொடுத்துவிட்டு "வித்யா தானம்" என்று சொல்லிக்கொண்டால், அது கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கிற கதை. அந்தப் பையனுக்கு மாசச் சம்பளம் கிடையாது. பத்துப் பேர் கொடுக்கிற கட்டணத்தில்தான் வீட்டு வாடகை கொடுக்கிறார். ஒரு காகிதம் நூறு போனுக்குப் போனால் அடுத்த மாசம் அவரிடம் யார் வருவார்கள்?

ஐந்தாம் நாள் நானே சிநேகிதர் வீட்டுக்குப் போனேன். மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். "இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் கோவிச்சுக்கப் போறேன்?" என்றார். இருவருமாகப் பயிற்சியாளரிடம் போனோம். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வரும்படி அவர் சொல்லி, பிறகுதான் அட்டவணை எழுதினார். அதில் நாடித் துடிப்பே இல்லை. "பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகத்தில் நடங்கள்" என்று மாத்திரம் இருந்தது. இருவரும் சேர்ந்தே வருவதால் கட்டணத்தையும் குறைத்துக்கொண்டார்.

அங்கத்தினர்களுக்கு என் யோசனை இதுதான். பொதுவான விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைத் தாராளமாகப் பகிர்ந்துகொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னபடி, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான வேகத்தில் உடலுழைப்பு. 65 வயசுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது நிலை தடுமாறாமல் இருப்பதற்கும் தசை பலத்துக்குமான பயிற்சிகள். யோகா தினத்துக்காக ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்ட பொது யோகப் பயிற்சி முறையும் எல்லோருக்குமானது. தனிப்பட்ட ஒருவருக்காக எழுதிய திட்டத்தை மாத்திரம், எழுதியவரைக் கேட்காமல் கை மாற்ற வேண்டாம். கேட்டால் பெரும்பாலானோர் மறுக்க மாட்டார்கள். அந்தந்த ஊர்க் கிளைகளில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு பயிற்சியாளரை அமர்த்திக்கொண்டால், தலைக்கு ஆகும் செலவும் குறையும், ஒவ்வொருவரையும் பார்க்க ஒரு கண்ணும் கிடைக்கும்.

சிநேகிதருக்குக் கொடுக்க வேண்டியது காகிதம் அல்ல, பயிற்சியாளருடைய விலாசம். முதல் நாள் கூடவே போனால் இன்னும் விசேஷம்.