பள்ளிக்கூடத்துக்காக நிறுத்திய வேலை

(ஆலங்குடாவில் நடந்த தொழிற்சங்கக் கல்வி முகாமில் தோட்டப் பள்ளி ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)

 

காலையிலிருந்து சம்பளத்தைப் பற்றிப் பேசினோம். நான் ஒரு பெஞ்சைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

கேரளத்தில், திருவனந்தபுரத்திலிருந்து பாலராமபுரம் வழியாகப் போனால் ஊரூட்டம்பலம் என்ற ஊர் வரும். அங்குள்ள அரசுப் பள்ளிக்கு 2022இல் அய்யங்காளி, பஞ்சமி இருவரின் பெயரையும் வைத்தார்கள். போன விடுமுறையில் அதைப் பார்க்கப் போனேன். தீயில் கருகிய பழைய மரப் பெஞ்சு ஒன்றை அங்கே நினைவுச் சின்னமாகக் காத்து வருகிறார்கள்.

பஞ்சமி புலையர் சாதிச் சிறுமி. அவளுடைய ஆட்கள் வயல் கூலிகள். 1855 வரை சட்டப்படியே அடிமைகள். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று திருவிதாங்கூர் அரசு உத்தரவு போட்டும் எந்தப் பள்ளியும் கதவைத் திறக்கவில்லை. அய்யங்காளி அவளைக் கையோடு கூட்டிப்போய் வகுப்பில் உட்கார வைத்தார். சண்டை மூண்டது. பிள்ளை உட்கார்ந்த பள்ளிக்கூடத்தையே மேல்சாதிக்காரர்கள் கொளுத்திவிட்டார்கள்.

இது கேரளத்தில் மட்டும் நடந்த அநியாயம் என்று நினைத்துவிட வேண்டாம். 1929இல் யாழ்ப்பாணத்துப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்று அரசாங்கம் சொன்னபோதும் பள்ளிகள் எரிந்தன.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அய்யங்காளி நடத்திய வேலைநிறுத்தம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் பிள்ளைகள் படிக்கக் கூடாதென்றால் உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று கூலிகளை நிற்க வைத்தார். கூலியும் கேட்டார்கள், ஆனால் பள்ளிக்கூடம் பின்னால் ஒட்டிய கோரிக்கை அல்ல. நிலக்காரர்கள் தாங்களே சேற்றில் இறங்கிப் பார்த்தார்கள், முடியவில்லை. இந்தப் பக்கம் கூலிகளின் வீட்டிலோ அடுப்பு எரியவில்லை. அப்போது விழிஞ்ஞம் மீனவர்கள் அவர்களைத் தங்கள் வள்ளங்களில் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். கடல்காரர் சோறு போட்டதால்தான் வயல்காரர் தாக்குப்பிடித்தார். கடைசியில் நிலக்காரர்கள் சமரசத்துக்கு இறங்கி வந்தார்கள்.

இதை இந்தக் கரையில் நின்று சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள் வந்து இறங்கிய ஊரும் இதுதானே.

நம்முடைய கதைக்கு வருவோம். பெஞ்சில் உட்காராதே என்று தோட்டத்தில் யாரும் பலகை மாட்டவில்லை. பள்ளியையே தனியாக வைத்துவிட்டார்கள். 1920ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குப் படிப்பு கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத் துரையிடம் விட்டது. 10 வயதுக்குமேல் யார் கொழுந்து பறிப்பது, துரைக்குத் தெரியாதா? 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளி வெளியே நின்றது. 1977 முதல்தான் கட்டங்கட்டமாக அரசாங்கம் அவற்றை எடுத்தது. நம் தாய்மாரில் பலர் அதற்கு முன்பே கூடையைத் தூக்கிவிட்டார்கள்.

இப்போது சட்டத்தில் பிரிவினை இல்லை. ஆனால் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க விரும்பும் தோட்டத்துப் பிள்ளை எத்தனை பஸ் மாற வேண்டும் என்று இங்கிருக்கும் தகப்பன்மாரைக் கேளுங்கள். இந்த மாவட்டத்துத் தென்னந்தோட்டங்களில் தமிழில் படிக்கவே இடம் தேடி அலைகிறார்கள்.

பள்ளி கல்வி அமைச்சின் வேலை, சங்கத்தின் வேலை இல்லை என்று ஒரு தலைவர் காலையில் சொன்னார். மரியாதையுடன் மறுக்கிறேன். சந்தாப் பணம் பிள்ளை படிக்கும் வீட்டிலிருந்துதான் வருகிறது.

என் பிரேரணை இதுதான்: அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் பட்டியலில், உயர்தர வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து, தோட்டப் பள்ளிக்கு விஞ்ஞான, கணித ஆசிரியர் ஆகிய இரண்டையும் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். வரைவு மாதர் தலைவிகளிடம் இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் வாசித்து, கை தூக்கி முடிவெடுப்போம்.