எரிச்சலும் சிகிச்சையும்: தாராவித் தொழிலாளியின் கணக்கு

தாராவியில் ஒருவர் ஓயாமல் எரிந்து விழுந்தால், ‘சுபாவமே அப்படி’ என்று விட்டுவிடுவதே வழக்கம். ஆனால் வாரக்கணக்கில் நீடிக்கும் எரிச்சல் மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கக்கூடும்; ஆண்களிடம் அது அழுகையாக அன்றிச் சினமாக வெளிப்படுவதும் உண்டு. தூக்கமின்மை, மது, தைராய்டு மிகைச் சுரப்பு ஆகியவையும் காரணமாகலாம். ஆகவே காரணத்தைக் கண்டறிவதே முதற் பணி.

மனச்சோர்வே காரணமெனில், அதற்குரிய மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகும். சிக்கல் இங்குதான். தினக்கூலி பெறுபவர் சயான் மாநகராட்சி மருத்துவமனை வரிசையில் நின்றால் அன்றைய கூலி போயிற்று. பொருளியல் இதனை வாய்ப்புச் செலவு என்னும். வீட்டில் அதற்குப் பெயர் அரிசி. பத்து நாளில் குணம் தெரியவில்லையென்று மருந்தை நிறுத்துவோர் உளர். சற்றுத் தேறியதும் நிறுத்துவோரும் உளர். சினத்தைத் தூண்டும் எண்ணங்களை அடையாளங்கண்டு மாற்றப் பயிற்றும் உளச்சிகிச்சைக்கோ பல அமர்வுகள் வேண்டும்.

தேசிய மனநலத் திட்டம் 1982-இல் தொடங்கப்பட்டது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மனநலச் சிகிச்சையை உரிமையாக்கியது. செம்பூரை அடுத்த தேவனாரிலுள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 2012-இல் தொலைபேசி ஆலோசனையைத் தொடங்கிற்று. மத்திய அரசின் 14416 என்னும் இலவசத் தொடர்பு 2022-இல் வந்தது. இவை கூலியை மிச்சப்படுத்துகின்றன. எனினும் ஒற்றை அறை வீட்டில், எவர்மீது சினமோ அவரே அருகிலிருக்க, மனம்விட்டுப் பேசுதல் அரிது. மாலையில் இயங்கும் மனநலப் பிரிவு தாராவிக்குள்ளேயே தேவைப்படுகிறது.