துங்கைக் கரையில் ஒரு வீட்டுப் பேச்சு



ஷிமோகாவுக்கு அருகே துங்கைக் கரையில் இருக்கும் மத்தூரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சமஸ்கிருதம் பேசும் கிராமம் என்று பெயர் வாங்கிய ஊர். ஆனால் அங்கே பல வீடுகளின் அடுப்படியில் தாயும் மகளும் பேசிக்கொள்வது சங்கேதி. தமிழுக்கு மிக நெருங்கிய உறவுள்ள பேச்சு அது.

சங்கேதிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன் செங்கோட்டைப் பக்கத்திலிருந்து புறப்பட்டவர்கள். நாச்சாரம்மா என்ற கற்றறிந்த பெண் அவமதிக்கப்பட்டு ஊரை விட்டு வெளியேறினார். அவர் பின்னால் குடும்பங்கள் நடந்தன என்பது வழிவழியாக அவர்கள் சொல்லும் கதை. கௌசிகம், பெட்டதபுரம், லிங்கதஹள்ளி என்று ஊருக்கு ஊர் அவர்கள் பேச்சு மாறும். எழுதுவது கன்னட எழுத்தில். காவிரிக்கரை ருத்ரபட்டணம் சங்கீத வித்வான்களை வரிசையாகத் தந்ததே, அதுவும் சங்கேதி ஊர்தான்.

இவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அசீரியர்கள் நினைவுக்கு வருகிறார்கள். இயேசு பேசிய அரமேயத்தின் இன்னொரு கிளையில் வந்த மொழி அவர்களுடையது. துருக்கி, ஈரான், ஈராக் மலைகளில் அதற்கு நூற்றுக்கு மேற்பட்ட ஊர் வழக்குகள் இருந்தன. உர்மியா நகரில் கிறிஸ்தவர்கள் பேசியது ஒரு விதம், யூதர்கள் பேசியது வேறு விதம். 1915-இல் அசீரியர்கள் மீது நடந்த படுகொலைகள் அந்த ஊர்களில் பலவற்றைச் சிதறடித்தன. துருக்கியின் ம்லஹ்சோ என்ற கிராமத்தின் பேச்சை ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ யாஸ்ட்ரோ, எஞ்சியிருந்த ஓரிருவரைத் தேடிப் பிடித்துப் பதிவுசெய்தார். 1994-இல் அது நூலாயிற்று. அதைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் இப்ராஹிம் ஹன்னா, சிரியாவின் காமிஷ்லியில் 1990-களின் இறுதியில் காலமானார். சிகாகோவிலும் சிட்னியிலும் அரமேயம் இன்றும் கேட்கிறது. ம்லஹ்சோவின் பேச்சு மட்டும் இல்லை.

சங்கேதிக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, தினசரியும் இல்லை. ஊரைவிட்டுப் பெங்களூருக்கு வந்த குடும்பங்களில் பேரப்பிள்ளைகள் கன்னடத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நகர்வது இயல்பு. சங்கேதி கிளைமொழியா, தனிமொழியா என்று அறிஞர்கள் பேசட்டும். 'கெட்டுப்போன தமிழ்' என்று மட்டும் நம்மில் யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்தச் சொல் வீட்டுக்குள்ளேயே வாயை மூட வைக்கும்.

பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்திடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழா மேடையில் ஒரு மணி நேரத்தைச் சங்கேதிப் பெரியவர்களுக்கு ஒதுக்குங்கள். தாலாட்டு, கல்யாணப் பாட்டு, சமையல் குறிப்பு, சண்டை, எதுவானாலும் அவர்கள் பேச்சிலேயே பேசட்டும். நம் இளைஞர்கள் அதை ஒலிப்பதிவு செய்து, ஒரு பிரதியை அந்தக் குடும்பங்களிடமே கொடுக்கட்டும். அந்தப் பெரியவர்களை அழைத்து வந்து உபசரிக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.