அதட்டின கூட்டம், அழைத்து வந்த கூட்டம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது)



கையேந்துறவங்களிடம் இரக்கம் காட்டுவது பற்றிப் பேசச் சொன்னாங்க. நான் கிறிஸ்தவப் பெண். எனக்குத் தெரிந்தது பைபிளில் இருக்கிற கதை. அதைத்தான் சொல்லப் போறேன். ஆனா முதல்ல நான் செஞ்ச தப்பைச் சொல்லிடறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி எங்க குழுவில் ஒரு தங்கச்சி இருந்தாள். பேர் வேண்டாம். வங்கிக் கடன் வாங்கிப் பிரித்துக்கொண்டோம். அந்த வருஷமே அவள் வீட்டுக்காரர் இறந்துட்டார். நாலு தவணை நின்னு போச்சு. ஒருத்தி கட்டலைன்னா குழுவுக்கே அடுத்த கடன் வராதுன்னு உங்களுக்குத் தெரியும். நாங்க ஐந்து பேர் காலையில ஆறு மணிக்கே அவள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தோம். தெருவுக்கே கேட்கிற மாதிரி நோட்டை விரித்துக் கணக்கு வாசிச்சது நான்தான். அடுத்த வாரம் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. பாக்கி 8,400 ரூபாயை நாங்களே பங்கு போட்டுக் கட்டினோம். "ஏமாத்திட்டுப் போயிட்டா"ன்னு பேசி, அத்தோடு மறந்தோம்.

போன வருஷம் செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள். வேளாங்கண்ணிக்குப் போனேன். கோயிலுக்குப் போற வழியில் வரிசையா தட்டு வச்சு உட்கார்ந்திருப்பாங்களே, பார்த்திருப்பீங்க. நான் சில்லறை மாத்தி வச்சுக்கிட்டு, முகம் பார்க்காம ஒவ்வொரு தட்டிலும் போட்டுக்கிட்டே நடந்தேன். ஒரு தட்டில் போட்டதும், "அக்கா, நல்லா இருக்கீங்களா?"ன்னு குரல் வந்தது. அவள்தான்.

எனக்கு வாய் வரலை. "ம்"ன்னு சொல்லிட்டு நடந்துட்டேன். உள்ளே போய் மெழுகுவர்த்தி ஏத்தினேன். ஜெபம் வரலை. பர்த்திமேயு கதைதான் ஞாபகத்துக்கு வந்தது.

மாற்கு எழுதின சுவிசேஷம், பத்தாம் அதிகாரம். எரிகோ ஊர் வழியோரம் பர்த்திமேயு என்கிற கண் தெரியாதவர் பிச்சை கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். இயேசு வர்றார்னு கேள்விப்பட்டுக் கத்திக் கூப்பிடுறார். சுத்தி இருந்த கூட்டம், பேசாம இருன்னு அதட்டுது. இயேசு நின்னுட்டார். அவரைக் கூப்பிடச் சொன்னார். உடனே அதே ஜனங்கதான் அவர்கிட்ட போய், தைரியமா எழுந்து வா, உன்னைக் கூப்பிடுறார்னு சொல்றாங்க. அதட்டினதும் கூட்டம்தான், அழைத்து வந்ததும் கூட்டம்தான். நடுவில் ஒருத்தர் நின்னார், அவ்வளவுதான்.

இன்னொன்று பாருங்க. கண் தெரியாதவருக்கு என்ன வேணும்னு இயேசுவுக்குத் தெரியாதா? ஆனாலும், நான் உனக்கு என்ன செய்யணும்னு கேட்கிறார். அவர் வாயால் சொல்லட்டும்னு காத்திருக்கார். காசு போடுற நாம் அதைக் கேட்கிறோமா?

நான் திரும்பிப் போனேன். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "உனக்கு என்னம்மா செய்யணும்?"னு கேட்டேன். பணம் கேட்பாள்னு நினைச்சேன். அவள் கேட்டது வேற. "நான் ஊருக்கு வந்தா, நோட்டை எடுத்துக்கிட்டு வருவீங்களாக்கா?"

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். சண்டைதான். "நாளைக்கு எல்லாரும் கட்டாம விட்டா என்ன செய்வ?"ன்னு கேட்டாங்க. அது நியாயமான கேள்வி. மூணு கூட்டம் பேசினோம். கடைசியில் தீர்மான நோட்டில் எழுதினோம்: பாக்கியை முடிந்தபோது கட்டட்டும், வாசலுக்கு யாரும் போகக் கூடாது. ரெண்டு பேர் போய் அவளைக் கூட்டி வந்தாங்க.

பிறகு இ-சேவை மையத்தில் ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு மனு போட்டோம். வீட்டுக்காரர் இறப்புச் சான்றிதழே அவளிடம் இல்லை. அதை வாங்கி, ஆதாரில் முகவரி மாத்தி, வங்கிக் கணக்கை உயிர்ப்பித்து, தாலுகா ஆபீசுக்கு நடந்து அஞ்சு மாசம் ஆச்சு. இப்ப மாசாமாசம் உதவித்தொகை வருது. அது போதாது. காலையில ஒரு இட்லிக் கடையில் மாவு ஆட்டப் போறாள். குழுவுக்கு நூறு, இருநூறுன்னு கட்டுறாள். சில மாசம் கட்டலை. என்னோடு இன்னும் சகஜமா பேசறதில்லை. அது அவள் உரிமை.

கையேந்துற எல்லோரும் நம்ம குழுவிலிருந்து போனவங்க இல்லை. எல்லோரையும் நம்மால் கூட்டி வரவும் முடியாது. ஆனா பஸ் ஸ்டாண்டில் தினமும் பார்க்கிற ஒருத்தரிடம் ஒரு நிமிஷம் நின்னு பேர் கேட்கலாம். கையேந்துவது குழந்தையா இருந்தா 1098-க்கு போன் பண்ணலாம். ஆதரவில்லாத முதியவர்னா 14567. காசு கொடுக்கிறதா இருந்தா முகத்தைப் பார்த்துக் கொடுக்கலாம்.

இந்தக் கூட்டமைப்பிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனிமே எந்தக் குழுவிலும் ஒருத்தி தவணை தவறினா, நோட்டு இல்லாம முதல்ல ரெண்டு பேர் போங்க. "என்னம்மா ஆச்சு, நாங்க என்ன செய்யணும்?"னு கேளுங்க. ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான் அப்படிக் கேட்டிருந்தா, அந்தத் தட்டு அவள் கைக்குப் போயிருக்காது.